பேரப்பிள்ளைகளுக்காக எங்கே போவது: ஸ்டேஷனா, குழந்தைகள் நலக் குழுவா, கோர்ட்டா?

காசிமேட்டில் ஒரு ஆயா என்று வைத்துக்கொள்வோம். மகள் உயிரோடு இல்லை. ஒன்பது வயதுப் பேத்தியும் நாலு வயதுப் பேரனும் மகள் போனதிலிருந்து ஆயாவிடம்தான் வளர்ந்தார்கள். பள்ளி லீவில் பத்து நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று மருமகன் மீஞ்சூருக்குக் கூட்டிப்போனார், திருப்பி அனுப்பவில்லை. அங்கே இரண்டாவது மனைவி இருக்கிறார், குடி இருக்கிறது. பேத்தியின் கையில் அடித்த தடம் பார்த்ததாக அந்தத் தெருக்காரர் ஒருவர் போனில் சொல்கிறார். ஆயா என்ன செய்வார்?

இந்தக் கேள்வியோடு வெளியே வந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஸ்டேஷனில் கம்ப்ளெயின்ட் கொடு என்பார் வட்டச் செயலாளர். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு, போட்டால் ஒரே வாரத்தில் பிள்ளை கைக்கு வந்துவிடும் என்பார் யாரோ ஒரு வக்கீலின் குமாஸ்தா. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்க என்பார் அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிவிடலாம் என்பார் சம்பந்தி வீட்டுப் பக்கத்து ஆள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வழியும் ஏதோ ஒன்றுக்கு உதவும். ஆனால் அந்த ஒன்று ஆயாவுக்கு இப்போது வேண்டியதுதானா என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிள்ளைகள் இன்றைக்கு ராத்திரி அடி வாங்காமல் தூங்குவார்களா என்பது ஒன்று. அடுத்த பத்து வருஷம் யார் வீட்டில் வளர்வார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைத் தீர்க்கச் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, இரண்டாவதைத் தீர்க்க வேறு இடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதி ஒரே மேஜையில் வைத்தால், இது குடும்பத் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டேஷன்

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். போவதில் தப்பில்லை, என்ன கேட்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். "பிள்ளையை வாங்கிக் கொடுங்க" என்று கேட்டால் போலீஸால் முடியாது. தகப்பனிடமிருந்து பிள்ளையை எடுத்து ஆயாவிடம் கொடுக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்குக் கிடையாது. அவர் அப்படிச் செய்தாலும் நாளைக்கு அது நிற்காது.

"பிள்ளையை அடிக்கிறார்கள்" என்று சொன்னால் கதை வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே அடிப்பதையும் கொடுமைப்படுத்துவதையும் கவனிக்காமல் விடுவதையும் குற்றம் என்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுவது நல்லது. சம்பவம் நடந்தது மீஞ்சூரில், எங்கள் எல்லை இல்லை என்று காசிமேட்டில் சொன்னால் விட்டுவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால், அது எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகரக் கூடாது. பின்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

சந்தேகம் பாலியல் தொந்தரவு என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். போக்சோ சட்டத்தின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் உடனே தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் பிள்ளையைப் பிடுங்குவதற்காக மட்டும் இந்தப் புகாரை ஜோடிக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் மீது இப்படிப் பொய்ப் புகார் கொடுத்த ஒரு தாய் மீதே நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

குழந்தைகள் நலக் குழு

பலருக்கு இது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் அநாதைப் பிள்ளைகளுக்கான இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள், அதில் ஒரு பெண்ணாவது கட்டாயம். குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. கூட இருப்பவராலேயே துன்புறுத்தப்படும் பிள்ளையும், தகப்பனோடு இருந்தாலும் சரி, "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை"தான் என்று சட்டம் சொல்கிறது.

இங்கே வக்கீல் வேண்டாம், பணமும் வேண்டாம். 1098-க்குக் கூப்பிட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தின் விலாசத்தைச் சொன்னால் ஆள் போய்ப் பார்ப்பார்கள். 2023-லிருந்து அந்த எண்ணை அரசே நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். போலீஸ், சமூகப் பணியாளர், பொதுமக்களில் ஒருவர், ஏன், பிள்ளையே கூடக் குழுவின் முன் வரலாம். மீட்கப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழுவிடம் கொண்டுவர வேண்டும். சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும், இறுதி உத்தரவு நாலு மாதத்துக்குள் வர வேண்டும். நடைமுறையில் இழுக்கலாம், ஆனாலும் குடும்ப நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால் இது வேகம்தான்.

நம் ஆயாவுக்கு ஒரு சிக்கல். பிள்ளைகள் இப்போது மீஞ்சூரில், அது திருவள்ளூர் மாவட்டம். அதனால் போக வேண்டியது திருவள்ளூர்க் குழுவிடம். ராயபுரத்தில் இருக்கும் அரசு குழந்தைகள் இல்லத்து வாசலில் போய் நின்று அலைவதை விட, எந்தக் குழு, எந்த நாளில், எங்கே அமர்கிறது என்று 1098-லேயே கேட்டுக்கொள்வது மேல்.

இதில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூப்பிடச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தகப்பனிடமிருந்து எடுத்த பிள்ளையைக் குழு நேராக ஆயாவிடம் கொடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. விசாரணை முடியும் வரை இல்லத்தில் வைக்கலாம். பெண்பிள்ளைக்கு ஒரு இல்லம், ஆண்பிள்ளைக்கு ஒரு இல்லம் என்று அக்காவும் தம்பியும் பிரிய நேரலாம். இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் நாளே ஆயா நேரில் போய் எழுதிக் கொடுப்பது. "நான் தாய்வழிப் பாட்டி, பிள்ளைகள் இத்தனை காலம் என்னிடம்தான் இருந்தார்கள், விசாரணை முடியும் வரை என்னைத் தகுந்த நபராகக் கருதி என்னிடம் ஒப்படைக்கக் கோருகிறேன்." தகுந்த நபரிடம் தற்காலிகமாகவோ நீண்ட காலத்துக்கோ ஒப்படைக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு இடம் தருகிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, இதையும் மனுவில் குறிப்பிடலாம். ஆயா வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார். வீடு சின்னதா பெரியதா என்பதை விட, பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், யார் ஸ்கூலுக்குக் கூட்டிப்போவார்கள், வீட்டில் வேறு யார் யார் குடிக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். மாமன்காரன் குடிப்பவராக இருந்தால் அதை மறைக்க வேண்டாம். எப்படியும் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.

இன்னொன்று. யாருக்கு உரிமை என்று தீர்ப்பு சொல்வது குழுவின் வேலை இல்லை. அடி நின்றுவிட்டது, தகப்பன் திருந்திவிட்டார் என்று தோன்றினால் கண்காணிப்போடு அவரிடமே திருப்பி அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

குடும்ப நீதிமன்றம்

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பிள்ளை எங்கே வளர்வது என்பதற்கு, பதில் சொல்லும் இடம் இது. சட்டம் பழையது, 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம். இதில் போடும் மனுவை வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் மனு இதன் கீழ்தான். பிள்ளையின் உறவினர் யாரும் போடலாம், ஆகவே ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் உரிமை உண்டு.

ஆனால் 19-ஆவது பிரிவு ஒரு பெரிய முட்டுக்கட்டை. தகப்பனோ தாயோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாத வரை, வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. பல தாத்தா பாட்டிகள் இந்த இடத்தோடு நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். இதற்கு உச்ச நீதிமன்றமே 2010-ல் ஒரு வழி காட்டியது. தாய் இறந்து, தகப்பன் மறுமணம் செய்துகொண்ட வழக்கு அது. காப்பாளர் நியமனம் வேறு, பிள்ளை யாரிடம் இருப்பது என்பது வேறு என்று பிரித்துச் சொல்லி, வழக்கு முடியும் வரை பிள்ளைகளைத் தாய்வழி உறவினரிடமே இருக்கவிட்டது. அதனால் மனுவில் காப்பாளர் நியமனத்தோடு, பிள்ளைகள் வசம் இருப்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். வக்கீல் இதைப் பிரித்து எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

தாத்தா பாட்டிகளுக்குச் சாதகமாக வேறு தீர்ப்புகளும் உண்டு. 2008-ல் கொல்கத்தா வழக்கு ஒன்றில், மகளின் வரதட்சணைச் சாவில் தகப்பன் மீதே குற்றச்சாட்டு இருந்தது. பையன் தாத்தா பாட்டியோடு இருக்க விரும்புவதாகச் சொன்னான். உச்ச நீதிமன்றம் அவனை அவர்களிடமே விட்டது. 2009-ல், பிறந்ததிலிருந்து பாட்டி வளர்த்த பிள்ளை பாட்டியிடமே இருக்கட்டும் என்றது. 2022-ல் அகமதாபாத் வழக்கில், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவனைத் தாயின் சகோதரியிடமிருந்து அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. தாத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். வயதானவர்கள், வருமானம் குறைவு என்பது மட்டுமே காரணமாக முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. "எனக்கு வயசாயிடுச்சு, எனக்கா கொடுப்பாங்க" என்று தயங்குகிறவர்கள் இதை வக்கீலிடம் சொல்லி எடுத்துக்காட்டச் சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், தாய்வழித் தாத்தாவிடம் இருந்த பிள்ளையை மறுமணம் செய்த தகப்பனிடம் ஒப்படைத்தது. இயற்கைக் காப்பாளரான தகப்பனை விடத் தாத்தாவுக்கு மேலான உரிமை இருக்க முடியாது என்றது. அந்தத் தகப்பன் மீது சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. நான் படித்த வரையில், மேலே சொன்ன தீர்ப்புகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை இரண்டு: தகப்பன் மீது ஆதாரத்தோடு குறை இருக்கிறதா, பிள்ளை நிஜமாகவே எத்தனை காலம் யாரிடம் வளர்ந்தது. பாசம் இருபக்கமும் இருப்பதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

நேரம்தான் இங்கே எதிரி. கவுன்சலிங், சமரசம், வாய்தா என்று மாதக்கணக்காகும், சில வழக்குகள் வருடக்கணக்கில் போகும். அதற்குத்தான் 12-ஆவது பிரிவு. பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவும், இடைக்காலமாக யாரிடம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உத்தரவிடவும் அது இடம் தருகிறது. பெரிய மனு போடும் அன்றே இந்த இடைக்கால மனுவையும் போட வேண்டும். குறைந்தபட்சம் வாரம் ஒரு முறை பார்க்கவும் போனில் பேசவும் அனுமதி கேட்கலாம்.

எந்த ஊர்க் கோர்ட்? பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அந்த இடம் என்கிறது 9-ஆவது பிரிவு. லீவுக்கு என்று கூட்டிப்போய்ச் சில வாரம் வைத்திருந்தால் மீஞ்சூர் வழக்கமான வசிப்பிடம் ஆகிவிடாது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் ஆயா ஆறு மாதம் சும்மா இருந்து, பிள்ளைகள் அங்கே ஸ்கூலில் சேர்ந்துவிட்டால் அந்த வாதம் பலவீனப்படும். சென்னையில் குடும்ப நீதிமன்றங்கள் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கின்றன. காசிமேட்டு ஆயாவுக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையம் வரை ஒரே வண்டி. பொன்னேரி, திருவள்ளூர் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீதிபதி பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுவார். விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம். ஒன்பது வயதுப் பேத்தியின் வார்த்தைக்கு எடை உண்டு. இதை நினைத்துச் சிலர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரியவர்கள் பேசும் வார்த்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் பலம். ஹனஃபி மரபில் சிறு வயதில் பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு, தாய் இல்லாவிட்டால் தாயின் தாய்க்கு, அதற்குப் பிறகு தகப்பனின் தாய்க்கு. ஆண்பிள்ளைக்கு ஏழு வயது வரை, பெண்பிள்ளைக்குப் பருவமடையும் வரை. மண்ணடி, ராயபுரம் பக்கத்துப் பாட்டிகள் இதை ஜமாத்தில் மட்டும் பேசி விட்டுவிடாமல் மனுவிலும் எழுத வேண்டும், ஏனென்றால் பிள்ளைக்குப் பொருந்தும் தனிச்சட்டத்தைப் பார்க்கச் சொல்வது 1890 சட்டமேதான். கடைசியில் அங்கேயும் பிள்ளையின் நலன்தான் பெரிது.

ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு

வேகமானதுதான், மறுக்கவில்லை. இரண்டு நீதிபதிகள் அமர்வு, போலீஸ் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் இதற்கு அடிப்படை சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பது. தகப்பன் வீட்டில் பிள்ளை இருப்பது எடுத்த எடுப்பில் சட்டவிரோதம் ஆகாது. எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார், அல்லது கோர்ட் ஆயாவிடம் கொடுத்த பிறகு பறித்துப் போய்விட்டார் என்றால் எச்.சி.பி., அதாவது ஆட்கொணர்வு மனு, போடுவது சரி. மீஞ்சூரில் விலாசம் தெரிந்து இருக்கும் பிள்ளைக்கு, குடும்ப நீதிமன்றம் போங்கள் என்று சொல்லிவிடவே வாய்ப்பு அதிகம். அதற்குள் வக்கீல் பீஸும் போயிருக்கும்.

சொல்லப்போனால் இது ஆயாவை விடத் தகப்பனுக்கே அதிகம் உதவும் ஆயுதம். 2019-ல் தாய் புற்றுநோயில் இறந்தபின் தாயின் உடன்பிறந்தவர்களிடம் இருந்த குழந்தையைத் தகப்பன் ஆட்கொணர்வு மனு மூலமே பெற்றார், உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், தாய்வழி உறவினர் வளர்த்த சின்னக் குழந்தையை அசையும் சொத்து போல இங்கேயிருந்து அங்கே மாற்ற முடியாது, முறைப்படி காப்பாளர் சட்டத்தில் போய்க் கேளுங்கள் என்று தகப்பனிடம் சொன்னது. ஆக, பிள்ளை இப்போது ஆயாவிடம் இருந்து, மருமகன் இப்படி மனு போட்டால், இந்த 2024 தீர்ப்புதான் ஆயாவின் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

மகள் உயிரோடு இருந்தால், அல்லது குடிப்பவன் சொந்த மகனே என்றால்

அப்போது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். மகள் பெயரில் மகளுக்காக ஆயாவே மனு கொடுக்கலாம். பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால் அவரே மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துப்போவார். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். 21-ஆவது பிரிவில் பிள்ளைகளைத் தற்காலிகமாக மனுதாரரிடம் ஒப்படைக்க உத்தரவு வாங்கலாம்.

பலரும் கவனிக்காதது மருமகள் போய்விட்ட வீட்டில் மகன் குடித்துவிட்டுத் தன் பிள்ளைகளையும் பெற்ற தாயையும் சேர்த்து அடிக்கும் நிலைமை. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இது அபூர்வமில்லை. அங்கே பாட்டியே பாதிக்கப்பட்டவர். அவர் தன் பெயரிலேயே மகன் மீது மனு போட்டு, தனக்கும் தன்னோடு இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உத்தரவு, மகன் வீட்டை விட்டு வெளியேற உத்தரவு, பிள்ளைகளின் தற்காலிக வசம் மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். பெற்ற மகன் மேல் கேஸா என்று தயங்குவார்கள், புரிகிறது. 181 மகளிர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பதற்குக் கேஸ் போட வேண்டியதில்லை.

பேசித் தீர்ப்பது

மருமகன் முரடன் இல்லை, பிள்ளையைக் காட்டவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் இதுவே நல்லது. ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதும் பேப்பருக்குக் கோர்ட் உத்தரவின் பலம் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லிருந்து சமரச மையம் இருக்கிறது. அங்கே ஒத்துக்கொண்டதைக் கோர்ட் உத்தரவாக்கிக்கொள்ளலாம். அடி உதை இருக்கும் இடத்தில் இந்த வழியே வேண்டாம்.

இந்த ஆயாவுக்கு நான் சொல்வது

முதல் நாள் 1098, கூடவே காசிமேடு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். அதே வாரத்தில் திருவள்ளூர்க் குழுவிடம் தகுந்த நபர் மனு. அதற்குள் சட்ட உதவி மையத்தில் வக்கீலுக்கு எழுதிக் கொடுத்து, சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் இடைக்கால மனுவோடு சேர்த்து ஜி.டபிள்யூ.ஓ.பி. ஹைகோர்ட் இப்போது வேண்டாம். வக்கீல் செலவை நினைத்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆகவே மனுவைத் தாத்தா பெயரில் போடுவதை விட ஆயா பெயரில் போடுவது நல்லது. சட்ட உதவி எண் 15100-ல் கேட்கலாம்.

செய்யக் கூடாதது ஒன்று. மருமகன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்கூல் வாசலில் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவது. சட்டப்படியான காப்பாளரிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோனதாக ஆயா மீதே ஆள்கடத்தல் புகார் வரும். பிறகு எல்லா மேஜையிலும் ஆயா பதில் சொல்கிறவராக ஆகிவிடுவார்.

ஆதாரத்துக்கு யாரும் பெரிதாக எதையும் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கும். பிறப்புச் சான்றிதழ், மகளின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகள் பெயர் இருக்கும் ரேஷன் கார்டு. கார்ப்பரேஷன் பள்ளியில் பேத்தியின் வருகைப் பதிவு, கார்டியன் இடத்தில் ஆயா போட்ட கையெழுத்து, தலைமையாசிரியரிடம் ஒரு படிப்புச் சான்று. பேரனின் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடிப் பதிவு. காய்ச்சலுக்கு ஸ்டான்லியில் போட்ட ஓ.பி. சீட்டுகள் கூட, அந்த வருஷங்களில் யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று சொல்லும். பிள்ளைக்குக் காயம் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னால் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். அந்த ஏ.ஆர். காப்பிக்கு இருக்கும் பலம் நாலு சாட்சிக்கு இருக்காது. போனில் சொன்ன மீஞ்சூர்த் தெருக்காரர் எழுதிக் கொடுக்கத் தயாரா என்று கேட்டுவையுங்கள். பெரும்பாலும் பின்வாங்குவார், ஆனால் விசாரிக்க வரும் அதிகாரியிடம் வாயால் சொல்லச் சம்மதிக்கலாம்.

பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு உடனே வருவது ஸ்கூல் பிரச்சினை. மீஞ்சூர்ப் பள்ளி டி.சி. தரவில்லை, அப்பா கையெழுத்து வேண்டும் என்கிறார்கள் என்று இழுக்கும். ஆறு முதல் 14 வயது வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. குழுவின் உத்தரவு நகலோடு போய்ச் சேர்த்துவிடலாம்.

அப்புறம் காசு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் நகரத்தில் வருஷம் 96,000 ரூபாய்க்குள் இருந்தால், மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. தகப்பன் உயிரோடு இருப்பதால் இதற்குத் தகுதி உண்டா என்று கேட்பார்கள், அங்கேயும் குழுவின் உத்தரவு நகலைத்தான் காட்ட வேண்டும். அதனால் உத்தரவு கிடைத்ததும் நாலைந்து நகல் எடுத்து, ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள்.